புது டிஸ்க்கில் பழைய பெயர்

பொத்தானை அமுக்கியதும் விசிறி சுழன்றது, பச்சை விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். கறுத்த திரையின் மேல்மூலையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எந்த டிஸ்க்கிலிருந்து துவங்குவது என்று கணினிக்குத் தெரியவில்லையாம். உஷாராணி அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள், பின்னாலிருந்த படுக்கையறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அது. வேறு நாளாக இருந்தால் காதில் விழுந்தே இருக்காது. குமாரபாளையத்தில் அவள் இருந்த வீதியில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்தால் போதும், தறிச் சத்தம் சுவரில் ஏறி, கட்டில் காலில் இறங்கி, தட்டில் ஊற்றிய ரசத்தைக்கூட நடுங்க வைக்கும். வாரத்தில் இந்த ஒரு நாள்தான் ஓட்டம் நிற்கும். அன்றைக்கு எதிர் வீட்டுக் குக்கரின் மூச்சும், தெருமுனைக் கறிக்கடைக்காரர் கட்டையைக் கழுவி ஊற்றும் சத்தமும் தலைமாட்டில் நடப்பது போலக் கேட்கும். பக்கத்து வீட்டு ஆள்தான் செருமியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் எல்லோரும் காலையிலேயே ராசிபுரத்துக்குக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனது கொஞ்சம் தாமதமாகத்தான் ஞாபகம் வந்தது.

அவள் புருசன் வீரபாகு போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. குடித்துவிட்டு வந்தவன், பள்ளிபாளையம் ரோட்டில் நிறுத்தியிருந்த லாரியின் பின்னால் கொண்டுபோய் பைக்கை விட்டான். சேலைக் கரைக்கும் முந்தானைக்கும் கணினியில் டிசைன் போட்டுத் தறிக்காரர்களுக்குக் கொடுப்பது அவன் தொழில். காப்பி டம்ளரோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று நின்றே உஷாராணி அதைக் கற்றுக்கொண்டாள். ஒருமுறை, மயிலின் கழுத்தில் ஒரு கட்டம் விட்டுப்போயிருக்கிறது என்று திரையில் விரல் வைத்துக் காட்டினாள். வைத்த விரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினான். அந்த விரல் இன்றுவரை நேராக நிற்பதில்லை.

சாவு வீட்டில் அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததை எல்லோரும் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அன்று இரவு, கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவள் குப்புறப்படுத்து அசந்து தூங்கினாள். கருமாதி முடிந்த மறுநாளே நாற்காலியின் உயரத்தைக் குறைத்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினாள். அவள் போட்ட கரைகள் நன்றாக ஓடின. செத்தவன் டிசைனைவிடச் சுத்தமாக இருக்கிறது என்று தறிக்காரர்கள் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

பழைய டிஸ்க் உள்ளே டிக் டிக்கென்று அடிக்கத் தொடங்கியபோதுதான் பயந்து போனாள். கணினிக் கடை மணிமாறன் புதிதாக ஒன்றைக் கொடுத்து, நகலெடுக்கும் விதத்தையும் சொல்லிக்கொடுத்தான். கணினி துவங்குவதற்கு வேண்டியதெல்லாம் சி டிரைவில் இருந்தது. அவள் போட்ட டிசைன்களும் அதில்தான். டி டிரைவில் இருந்தவை வீரபாகுவின் சொந்தச் சரக்கு. அவன் படங்கள், அவன் பாட்டுகள், அவள் பார்க்கக் கூடாதென்று பூட்டி வைத்திருந்த இன்னும் என்னென்னவோ. சியை மட்டும் நகலெடுத்தாள். டியைத் தொடவில்லை. பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசை ஓரத்தில் வைத்தபோது, வீட்டுக்குள் மிச்சமிருந்த கடைசி அழுக்கையும் கூட்டித் தள்ளியதுபோல் அவளுக்கு இருந்தது.

இப்போது புதியது துவங்கவில்லை. மணிமாறனுக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா."

"காப்பி பண்ணி மாட்டிட்டேன் தம்பி. ஆனா ஏற மாட்டேங்குது. நாளைக்குக் காத்தால தறிக்கு டிசைன் குடுக்கோணும்."

"பயப்படாதீங்க. அந்த டிஸ்க்குலதான் ஸ்டார்ட் பண்ணோணும்னு அதுக்கு இன்னும் தெரியலீங்க. நாஞ் சொல்றாப்பல ஒவ்வொண்ணா அமுக்குங்க."

நீலத் திரையில் அவன் சொன்னபடி மாற்றி, சேமித்து, மறுபடி துவக்கினாள். இந்த முறை கணினிக் கம்பெனியின் சின்னம் வந்தது. அதன் கீழே வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. "வருதுங்க தம்பி!" என்றாள்.

படுக்கையறையில் செருமல். அடித்தொண்டையிலிருந்து சளியை இழுத்து, வாயிலேயே வைத்துக்கொள்ளும் செருமல். அதற்குப் பின், கட்டில் கிறீச்சிட்டது. எடையுள்ள ஒரு உடம்பு புரண்டு எழுந்து உட்காரும்போது இரும்புக் கட்டில் எப்படி முனகுமோ அப்படி. இரண்டு பாதங்கள் தரையில் விழுந்தன. ரப்பர் செருப்பைத் தேடிக் கால்விரல்கள் சிமெண்டில் துழாவின. செருப்பு மாட்டி ஒரு எட்டு, இன்னொரு எட்டு.

நின்றது. கத்தரியால் வெட்டியதுபோல.

திரையைப் பார்த்தாள். புள்ளிகள் இல்லை. கணினி தானாகவே அணைந்து, தானாகவே மறுபடி துவங்கிக்கொண்டிருந்தது.

செருமல். கட்டில். பாதங்கள். ஒரு எட்டு, இன்னொரு எட்டு. நின்றது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"நா அப்பறம் கூப்புடறேன் தம்பி" என்று வைத்துவிட்டாள். படுக்கையறை வாசலில் போய் நின்றாள். கட்டிலில் ஆளில்லை. காலையில் அவள் இழுத்துவிட்ட விரிப்பு கசங்காமல் கிடந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்து தரையில் சதுரமாக விழுந்திருந்தது. பயப்படுவதற்கான அறையே இல்லை அது. வாடை மட்டும் வந்தது. புகையிலையும் புளித்த சாராயமும் வியர்வையும் ஊறிய தலையணை வாடை. அந்தத் தலையணையை அவள் கையாலேயே சுடுகாட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

திரும்பி வந்து மின்கம்பியை உருவினாள். அமைதி. சொருகினாள். செருமல் கேட்டது. உருவினாள். அமைதி.

அதற்குமேல் சோதித்துப் பார்க்க அவளுக்குக் கை வரவில்லை.

பழையதையே மாட்டிவிட்டால் என்ன என்று தோன்றியது. டிக் டிக்கென்று அடித்தாலும் அதில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. எதைக் கழற்றுவது, எதை விடுவது என்று யோசிக்கும் நிதானம் இல்லாமல், புதியது இருக்க இருக்கவே பக்கத்தில் பழையதையும் மாட்டித் துவக்கினாள். அதே நேரத்தில் மணிமாறன் கூப்பிட்டான்.

"அக்கா, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரெண்டையும் சேத்து மாட்டிராதீங்க. காப்பி பண்ணும்போது டிஸ்க்கோட அடையாள நம்பரும் சேந்து வந்துருமுங்க. ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர். எது அசல், எது நகல்னு சிஸ்டத்துக்கே தெரியாதுங்க."

படுக்கையறையில் செருமல் கேட்டது.

சமையலறையில் செருமல் கேட்டது.

அவள் போனைக் காதில் வைத்தபடியே சுவரோடு ஒட்டிக்கொண்டாள். படுக்கையறையில் செருப்பு நடந்தது. சமையலறையிலும் நடந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல நின்றன, ஒன்றின் சத்தத்தை மற்றது கேட்டுவிட்டதுபோல. வீட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் மூச்சு விடும் சத்தம். மேசைமேல் பழைய டிஸ்க் வேகவேகமாக அடித்துக்கொண்டது. பிறகு, பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம் எழுப்பிவிட்டு ஓய்ந்தது. சமையலறைப் பக்கம் ஓய்ந்தது. படுக்கையறைப் பக்கம் ஓயவில்லை.

அசல் செத்துப்போயிற்று. அவள் தன் கையால் எடுத்த நகல் இருந்தது.

கம்பியை உருவிவிட்டு வெளியே ஓடி வாசற்படியில் உட்கார்ந்தாள். மேகம் கூடி மதியமே மங்கியிருந்தது. ஆற்றுப் பக்கமிருந்து சாயத்தண்ணி வாடை. நாளைக்குத் தறிக்காரருக்கு டிசைன் முடியாது என்று சொல்லிவிடலாம். அந்த வேலை இன்னொருவனுக்குப் போகும். அடுத்ததும் அவனுக்கே போகும். மறுபடி யாராவது பட்டறையில் நூல் சுற்றக் கூலிக்குப் போகலாம். போனால் போகட்டும். கணினியை அப்படியே தூக்கிக் காவிரியில் போட்டுவிடலாம். மூச்சு கொஞ்சம் சீரானது.

அப்போதுதான் அவள் தம்பி குமரன் கறிக்குழம்புத் தூக்கோடு வண்டியில் வந்து இறங்கினான்.

குமரன் ஈரோட்டில் ஒரு ஜவுளி ஆபீசில் கணக்கு எழுதுபவன். அக்காள் மேல் பாசம் உண்டு. வீரபாகு அடித்துத் துரத்தி அவள் தாய்வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளுக்குச் சோறு போட்டு, புதுச்சேலை வாங்கிக்கொடுத்து, மறுநாள் இவன்தான் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்து விடுவான்.

"ஏனக்கா வெளிய உக்காந்திருக்கற?"

"சும்மாதான். சிஸ்டம் கெட்டுப்போச்சு."

"புது டிஸ்க் மாட்டறேன்னியே. ஸ்டார்ட் ஆவுலியா? பென்டிரைவ் எங்கிட்ட இருக்குது. பூட் பைலை மட்டும் திருப்பி எழுதுனாச் செரியாயிரும். எங்க ஆபீஸ்ல நானே பண்ணிருக்கறேன்." உள்ளே போய்விட்டான்.

அவள் பின்னாலேயே ஓடினாள். "வேண்டாம் குமரா. உட்டுரு."

"சும்மா இரு."

"அவரு சத்தம் கேக்குதுடா. அது ஏற ஏற அவரும் எந்திரிச்சு வாராரு."

குமரன் திரும்பி அவளைப் பார்த்தான். கோபம் இல்லை, சலிப்புதான். "மனுசன் செத்து வருசமாச்சு. இன்னும் அவர் மேலயே குத்தஞ் சொல்லீட்டு இருக்கறியேக்கா."

 எத்தனையோ முறை இதே குரலுக்குத்தான் அவள் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருக்கிறாள்.

அவன் பென்டிரைவைச் சொருகி, கறுப்புத் திரையில் ஏதேதோ தட்டினான். நடக்க நடக்க அவளுக்கும் விளக்கிச் சொன்னான். பழைய டிஸ்க்கின் விலாசத்தையே புதியது தேடிக்கொண்டிருக்கிறதாம், அதை மாற்றிவிட்டால் நேராக வந்துவிடுமாம். வெளியே தூறல் விழுந்தது. அவள் கதவோரமாகவே நின்றாள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அமுக்கினான்.

சின்னம் வந்தது. புள்ளிகள் சுற்றின.

செருமல்.

"குமரா."

கட்டில். பாதங்கள். செருப்பு.

"குமரா, அமத்துடா."

ஒரு எட்டு. இன்னொரு எட்டு. நிற்கவில்லை. படுக்கையறைக் கதவு சுவரில் இடித்தது. புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. குளியலறைக் குழாய் திறந்தது, வாளியில் தண்ணீர் கொட்டியது, வாய் கொப்பளித்துத் துப்பும் சத்தம். குழாய் மூடியது. புள்ளிகள் நின்றன. திரை நீலமாக வெளுத்து, நடுவில், அவள் மாற்றாமலே விட்டிருந்த அந்தப் பெயர் வந்தது. வீரபாகு. அதன் கீழே, கடவுச்சொல் கேட்கும் நீண்ட கட்டத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னியது.

"பாத்தியா, வந்துருச்சு" என்று சிரித்தபடி குமரன் அவள் பக்கம் திரும்பினான். திரும்பிய முகம் அவளைத் தாண்டி, அவள் தலைக்கு மேலே, எங்கோ நிலைத்தது.

சிரிப்பு மாறவில்லை. அதுதான் கொடுமையாக இருந்தது. பயமில்லை, திகைப்பில்லை. விருந்துக்குப் போன வீட்டில் மரியாதைக்குரியவரைப் பார்த்தவன்போலச் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்தான். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டான்.

"உக்காருங்க மச்சான்."

அவளால் திரும்ப முடியவில்லை. பிடரியில் ஈரமான மூச்சு.

"இல்லீங்க, சாப்புட்டுட்டுதான் வந்தேன்" என்று அவள் காதில் விழாத எதற்கோ குமரன் பதில் சொன்னான். "சின்ன கோளாறுதானுங்க. செரி பண்ணியாச்சு." தலையைக் குனிந்தபடி அவளைக் கடந்தான். கடக்கும்போது அவள் தோளை மெதுவாகத் தட்டினான். "கோவத்துல எதுவும் பேசாத. நான் வாரேன்க்கா."

"குமரா, என்னையும் கூட்டிக்கிட்டுப் போ."

கதவு சாத்திக்கொண்டது. பாய்ந்து இழுத்தாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்திருந்தது. வண்டி கிளம்பும் சத்தம். தூறலில் கரைந்து போகும் சத்தம்.

நாற்காலியின் உயரத்தை யாரோ ஏற்றினார்கள்.

அவள் கதவில் நெற்றியை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தட்டச்சுச் சத்தம். மெதுவாக, ஒற்றை விரலால். கடைசி எழுத்துக்குப் பிறகு, கணினி துவங்கும்போது எழும் அந்த இனிமையான மணியோசை வீடு முழுக்கக் கேட்டது.

"உசா."

திரும்பினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முகம் தெரியாமல் கட்டித்தான் அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் கட்டோடுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கழுத்திலிருந்து உச்சிவரை வெள்ளைத் துணி. கண்ணுக்கு இடம் விடவில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் துணி குழிந்து உள்ளே போயிற்று, புடைத்து வெளியே வந்தது, உள்ளே போயிற்று. திரையில், நாளைக்குக் கொடுக்க வேண்டிய கரை விரிந்திருந்தது. அதில் விடுபட்டிருந்த ஒரு கட்டத்தின் மேல் தன் விரலை வைத்துக் காட்டி, அது அவளுக்காகக் காத்திருந்தது.