இறக்கத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள்

மேட்டில் ஏறும்போது மோட்டார் சைக்கிள் பிரதாபனைச் சுமந்தது. இறக்கத்தில் வரும்போது பிரதாபன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஊர் உலகத்தில் எல்லாரும் இதற்கு நேர்மாறாகத்தான் செய்வார்கள். வண்டி நின்றுபோனால் மேட்டில் தள்ளுவார்கள். இறக்கம் வந்ததும் ஏறி உட்கார்ந்து சும்மாவே உருண்டு வருவார்கள்.

ரூபிகாவுக்கு இது விளங்கவே இல்லை.

பிரதாபன் அவளுடைய அண்ணன். கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறான். அவன் நண்பன் கஜேந்திரனின் அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கீழே கோயிலில் கல்யாணம். அதற்காக ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் தோட்டத்துக்கு அந்த வண்டியிலேயே வந்து இறங்கியிருந்தான். வண்டி கறுப்பும் தங்க நிறமுமாகப் பளபளத்தது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துப் பிள்ளைகள் அதன் பெட்ரோல் டாங்கியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார்கள்.

"காலையில நானே பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுறேன்" என்று அண்ணன் சொன்னதும் ரூபிகாவுக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகப் பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பள்ளிக்கூடம் கீழே, பெரிய ரோட்டோரம். ஆனால் இருவரும் நடந்தேதான் இறங்கினார்கள். நடுவில் மோட்டார் சைக்கிளும் நடந்தது.

"ஏண்ணே, ஏறிப் போகலாமே?"

"எல்லாரும் வண்டியப் பாக்கணும்ல. வெரசாப் போனா யாருக்குத் தெரியும்?"

அன்றைக்கு நல்ல பனிமூட்டம். பக்கத்தில் இருக்கும் தேயிலைச் செடியே கண்ணுக்குத் தெரியவில்லை. யார்தான் பார்க்கிறார்கள் என்று ரூபிகா சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரு நாய் பார்த்தது. அதுவும் கொட்டாவி விட்டுவிட்டுப் போய்விட்டது.

சாயந்தரம் மேட்டில் திரும்பி வரும்போது அண்ணன் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஜம்மென்று வந்தான். அவள் குழப்பம் இன்னும் கூடிப்போனது.

அம்மாவிடம் கேட்டாள். கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா, "பெட்ரோல் விக்கிற வெலைக்கு மிச்சம் புடிக்கிறான். பொறுப்பான பிள்ள" என்றாள்.

பக்கத்து வீட்டு மீனம்மா அக்காவிடம் கேட்டாள். "புது வண்டியில்ல, அலுங்காம கொண்டுபோறான். ஒனக்கு என்னா அதுல?" என்றார் அவர்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எல்லாம் சரி போலவும் இருந்தது, எதுவுமே சரியில்லாதது போலவும் இருந்தது.

வியாழக்கிழமை இன்னொரு வேடிக்கை நடந்தது. அண்ணனின் புதுச் சப்பாத்தைத் துடைக்க எடுத்த அம்மா, அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்து, ஓர் ஓரத்தில் ஓட்டையே விழுந்திருந்தது.

"ஏன்டா, கடையில நின்னு வேல பாக்குறியா, உருண்டு வேல பாக்குறியா?"

"கொழும்பு ரோட்டு அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு அண்ணன் சப்பாத்தைப் பிடுங்கிக்கொண்டு போனான்.

வெள்ளிக்கிழமை காலையிலும் நடராஜா சர்வீஸ்தான். ராத்திரி மழை பெய்து பாதையெல்லாம் வழுக்கியது. அண்ணன் உடம்பைப் பின்னால் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். ரூபிகா அப்போதுதான் கவனித்தாள். அவன் வண்டியைத் தள்ளவில்லை, இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். பாவமாக இருந்ததால் அவளும் வலது பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தின் பக்கத்தில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவின் பழைய மோட்டார் சைக்கிள் நின்றது. சேறும் சகதியுமான வண்டி. ரூபிகா அதைப் பார்த்தாள், அண்ணனின் வண்டியைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள்.

"அண்ணே, அவங்க வண்டியில ரெண்டு பக்கமும் விரலால அமுக்குற பிடி இருக்கு. நம்ம வண்டியில எடது பக்கம் மட்டுந்தான் இருக்கு. வலது பக்கத்துது எங்க?"

பிரதாபன் முன்னும் பின்னும் பார்த்தான். கொஞ்ச தூரம் போய், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினான்.

"அதுதான் முன் பிரேக்கு. கழட்டியாச்சு."

"ஏன், பழுதாப் போச்சா?"

"பழுதில்ல. பிடி, குழாய், டிஸ்க்கு எல்லாம் இருந்தா அசிங்கமா இருக்குமாம். கழட்டினாத்தான் முன் சில்லு அழகாத் தெரியும்னு கொழும்பு கராஜ்ல சொன்னாங்க. பாரு, எம்புட்டு அழகா இருக்கு."

ரூபிகா பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பெரிய குழப்பம்.

"அப்ப எப்படி நிப்பாட்டுவீங்க?"

"பின் பிரேக்கு இருக்குல்ல. கொழும்புல ரோட்டு தட்டையா இருக்கும், அது போதும். இங்க வர்ற வழியில ஒரு எறக்கத்துல..." பிரதாபன் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். "பின் பிரேக்க மிதிச்சா சில்லு வழுக்கிக்கிட்டு ஓடுது. ரெண்டு காலையும் ரோட்டுல தேச்சுத்தான் நிப்பாட்டினேன். உசிரு போயிட்டு வந்துச்சு ரூபி."

சப்பாத்து தேய்ந்த கதை இதுதானா என்று அவளுக்கு இப்போது விளங்கியது. ஆனால் ஒன்று விளங்கியதும் இன்னொன்று விளங்காமல் போனது.

"தெரிஞ்சும் ஏண்ணே மாட்டாம இருக்கீங்க?"

"சாமான் எல்லாம் பையில பத்திரமாத்தான் இருக்கு. மாட்டினா பயலுக சிரிப்பானுங்க. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ள வேனுக்கு முன்னால பைக்கு வரிசையாப் போகுது. என் வண்டிதான் அழகாம், நான்தான் மொதல்ல போகணுமாம். சரின்னு சொல்லிப்புட்டேன்."

"கோயில் வரைக்கும் எறக்கந்தானே? பின்னாலேயே வேன் வருமே?"

"அதான் எனக்கும் யோசனையா இருக்கு" என்றான் பிரதாபன் மெதுவாக.

அன்று வகுப்பில் ஆசிரியர் சொன்னது எதுவும் ரூபிகாவின் காதில் ஏறவில்லை. கோயிலுக்கு இறங்கும் பாதையில் கொண்டை ஊசி போல வளையும் ஒரு வளைவு இருக்கிறது. அதற்குக் கீழே நீர்த்தேக்கம். அண்ணனுக்கு அந்த வளைவு தெரியும், வேன் தெரியும், பிரேக் இல்லை என்பதும் தெரியும். அப்படியிருந்தும் நாலு பேர் சிரிப்பார்களே என்றுதான் பயப்படுகிறான். பெரிய ஆட்கள் எல்லாம் இப்படித்தானா, அண்ணன் மட்டும் இப்படியா என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது.

சனிக்கிழமை காலையில் நண்பர்கள் லயத்துக்கு முன்னால் கூடினார்கள். கஜேந்திரன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மதுசூதனன் விதவிதமாகப் போட்டோ எடுத்தான்.

"நாளைக்கு நீதான் மொதல்ல போற" என்றான் கஜேந்திரன். "பின்னால ரூபி பாப்பா பூக்குடை புடிச்சுக்கிட்டு ஒக்காரட்டும். போட்டோவுல சும்மா அள்ளும்."

முன்வரிசை, பூக்குடை, பட்டுப்பாவாடை. இரண்டு நாளைக்கு முன்னால் கேட்டிருந்தால் ரூபிகா துள்ளிக் குதித்திருப்பாள். இப்போது அவள் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், ஆனால் கண் சிரிக்கவில்லை. அவளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"நான் ஏறமாட்டேன்" என்றாள். "எனக்குப் பயமா இருக்கு. அந்த வண்டியில முன் பிரேக்கு இல்ல."

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"கால்ல ஏறுற அட்டையக் கையால புடுங்கிப் போடுற பிள்ள, பைக்குல ஏறப் பயப்படுது பாருடா" என்றான் மதுசூதனன்.

"பயந்தாங்கொள்ளி பாப்பா" என்றான் கஜேந்திரன்.

ரூபிகாவுக்கு முகம் சுட்டது. தோட்டத்திலேயே தைரியசாலி என்று பேர் வாங்கியவள் அவள். அந்தப் பேர் இப்படி ஒரே நிமிடத்தில் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவள் சொன்னது பொய்யில்லை. பயம் உண்மைதான். தனக்காகப் பயப்படவில்லை, அவ்வளவுதான். அதை அவர்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"அண்ணே, பழைய பிரேக்கை மாட்டுங்க. அப்பத்தான் நான் ஏறுவேன்" என்று காலை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

பிரதாபன் அவளைப் பார்த்தான். அவளும் கண்ணை எடுக்காமல் அவனைப் பார்த்தாள். அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது.

"என்னடா செய்றது" என்று நண்பர்களிடம் ஒரு நீளமான பெருமூச்சு விட்டான். "ஸ்டைலு கெட்டாலும் பரவாயில்ல. தங்கச்சி பயப்படுறா, மாட்டித்தான் ஆகணும்."

சொன்னதுதான் தாமதம், கொழுந்து மூட்டையை இறக்கி வைத்தவன் போல அவன் தோள் லேசானது. உள்ளே ஓடி, கட்டிலுக்கு அடியில் இருந்த பையை எடுத்து வந்தான்.

அண்ணனும் தங்கச்சியும் வண்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு மஸ்கெலியா கடைவீதிக்கு இறங்கினார்கள். கராஜில் வண்டி பழுது பார்க்கும் பாஸ் டிஸ்க்கை மாட்டினார், குழாயைப் பூட்டினார், பிரேக் ஒயில் ஊற்றினார். பிரதாபன் பிடியை அமுக்கிப் பார்த்தான். முன் சில்லு அசையாமல் நின்றது. அவன் இன்னொரு தடவை அமுக்கிப் பார்த்தான். பிறகு ரூபிகாவுக்கு ஒரு கட்லட்டும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுக்க, எதிரே இருந்த கடைக்குப் போனான்.

அப்போது வெளியே வண்டிகளின் சத்தம் கேட்டது. கராஜில் அடுக்கி வைத்திருந்த டயர்களுக்குப் பின்னால் ரூபிகா உட்கார்ந்திருந்ததால் வந்தவர்களுக்கு அவளைத் தெரியவில்லை. அவளுக்கு அவர்களை நன்றாகத் தெரிந்தது. முன்னால் வந்தவன் கஜேந்திரன்.

"பாஸ், ஸ்டைலுக்கு இந்தப் பிரேக்கு பிடிய வெட்டிக் குட்டையாக்கிட்டேன். ஒரு வெரலுதான் புடிக்குது. நல்ல பிடியா ஒண்ணு மாட்டி விடுங்க" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எனக்கு ஒண்ணுமில்ல. தங்கச்சி பயப்படுறா" என்றான்.

"எனக்கும் அதேதான் பாஸ்" என்றான் பின்னால் நின்ற மதுசூதனன். "தங்கச்சி ஒரே அழுகை."

ரூபிகா குழம்பிப்போனாள். கஜேந்திரன் வீட்டில் அவன்தான் கடைக்குட்டி. மதுசூதனன் வீட்டிலோ எல்லாரும் ஆண்பிள்ளைகள். அப்படியானால் பயப்படுகிற தங்கச்சி யார், அழுகிற தங்கச்சி யார்?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கு விளங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு டயர்களுக்குப் பின்னால் இன்னும் நன்றாகக் குனிந்துகொண்டாள். நாளைக்கு எல்லா வண்டியும் நல்லபடியாகக் கோயிலுக்கு இறங்கட்டும். அதற்காக இந்த மஸ்கெலியாவில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அவள் தங்கச்சியாக இருந்துவிட்டுப் போவாள்.