ஈறுகளின் ஓசை

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில், மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தம்பி தன் அண்ணன் குடியிருந்த பழைய வீட்டின் மாடிப்படிகளில் ஏறினான். செயற்கைப் பற்கள் செய்யும் கூடமொன்றில் பணிபுரியும் அவன், மூன்று மாதங்களாகக் காணொளிகளைப் பார்த்து மாஸ்டரிங் கற்றுவந்தான். வீட்டில் பதிவுசெய்த பாட்டின் ஒலியைச் சீராக்கி, பிறர் கேட்கத்தக்க வடிவில் முடித்துக் கொடுக்கும் வேலை அது.

அவன் விரைந்து கற்றதற்குக் காரணம் இருந்தது. வரும் வியாழக்கிழமை அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதன்பின் பேச்சே வராது என்று மருத்துவர் கூறிவிட்டார். இப்போதே குரல் அடைத்து, வெறும் கிசுகிசுப்பாகச் சுருங்கியிருந்தது. நல்ல குரல் இருந்த நாளில், பின்னறைச் சுவர்களில் கம்பளிகளைத் தொங்கவிட்டு, கிட்டாரை மீட்டி அண்ணன் பாடிப் பதிவுசெய்த ஆறு பாட்டுகளே மிச்சம்.

"வாங்க சவுண்டு இன்ஜினியர்," என்று அண்ணி கதவைத் திறந்தாள். "பார்த்து. பாட்டுக்கும் பல்லு கட்டி விட்டுடாதீங்க."

"அண்ணி, வேலையை ஆரம்பிக்கவே இல்லை. அதுக்குள்ள கலாய்க்கிறீங்க."

அண்ணன் சிரித்தான். காற்று மட்டுமே வெளிவந்தது.

பின்னறையில் ஒரு வாடை அடித்தது. நெடுநாள் துலக்காத வாயின் புளித்த வாடை.

"ஜன்னலைத் திறக்கலாமா அண்ணி?"

"திறந்துதான் இருக்கு."

தம்பி மடிக்கணினியைத் திறந்து, ஒலி மென்பொருளோடு இணையும் துணை நிரல்களான பிளகின்களில் லிமிட்டர் என்பதைத் தேர்ந்தெடுத்தான். உரத்த ஓசையை மேலே போகவிடாமல் பிடித்துக்கொண்டு, அடியில் கிடக்கும் மெல்லிய ஓசைகளையெல்லாம் உயர்த்திவிடுவது அதன் இயல்பு. ஆறு பாட்டுகளையும் ஒருசேர அதனுள் செலுத்திச் சேமித்தான். மூலப் பதிவை முதலில் நகலெடுத்து வைக்கவேண்டும் என்று எல்லாக் காணொளிகளிலும் சொல்லியிருந்தார்கள். ஆயின், பற்கூடத்தில் அச்சை உடைத்தால்தான் பல்செட் வெளியே வரும். உடைந்த அச்சை எவரும் சேர்த்து வைப்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக அச்சுடைத்துப் பழகிய கை, பழைய கோப்புகளின் மேலேயே புதியவற்றை எழுதிவிட்டது.

முதற் பாட்டை ஒலிக்கவிட்டான். அண்ணனின் குரல் எழுந்து அறையை நிறைத்தது. அண்ணியின் கண்கள் கலங்கின.

முதல் வரி முடிந்தது.

சப்.

சப்... சப்...

அண்ணி கணவனைப் பார்த்து முகம் சுளித்தாள். "என்னங்க இது? சாப்பிடும்போதுகூட இப்படிச் சத்தம் போடமாட்டீங்களே."

"பாடுறவங்க வாயில எச்சில் சத்தம் இருக்கும் அண்ணி. இப்ப ஒலியைத் தூக்கினதால கேக்குது. அதை நீக்க வேற பிளகின் இருக்கு."

அந்த இடத்தைத் திரும்பக் கேட்பதற்காகப் பாட்டைத் தொடக்கத்திற்குக் கொண்டுபோனான்.

கிட்டார் கேட்டது. முதல் வரி இல்லை.

"எங்கடா என் குரல்?" என்று அண்ணன் கிசுகிசுத்தான்.

வாயோசை நீக்கும் பிளகினில், நீக்கப்படுவதை மட்டும் தனித்துக் கேட்கும் பொத்தான் ஒன்று உண்டு. காணாமற்போன வரி அதிலாவது சிக்கியிருக்கக்கூடும் என்று எண்ணிய தம்பி, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

உலர்ந்த சுள்ளி முறிவதைப் போன்ற சிறு ஓசைகளையே அவன் எதிர்பார்த்தான். கேட்டதோ ஈறுகளின் ஓசை. பல் அளவெடுக்க வந்த எத்தனையோ வாய்களின் அருகே நின்றவன் அவன், ஐயத்திற்கே இடமில்லை. ஒரு பல்லும் இல்லாத வாய் அது. அண்ணனுக்கோ முப்பத்திரண்டு பற்களும் உறுதியாக இருந்தன.

அவ்வாய் இரண்டாம் வரியைக் கவ்வியது. சொற்களை நாவால் புரட்டி, ஈறுகளுக்கிடையே நசுக்கி, கூழாக்கி உறிஞ்சியது. கூழினுள் அண்ணனின் குரல் சிறிது நேரம் முனகியது. பிறகு விழுங்கும் ஓசை.

காதில் ஈரம் பட்டது.

ஹெட்ஃபோனை இழுத்தான். காதுக்கும் அதன் மெத்தைக்கும் இடையே, வெதுவெதுப்பான எச்சில் நூலாய்த் தொங்கியது. அதில் வெள்ளையாய் ஏதோ துணுக்குகள் ஒட்டியிருந்தன.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். தம்பி காதைச் சட்டையால் துடைத்தான்; துடைத்த சட்டையைக் கழற்றி எறிந்தான். தோல் சிவக்கத் தேய்த்தும் வாடை போகவில்லை.

பிளகின்களையெல்லாம் நீக்கிவிட்டு, இரண்டாம் பாட்டை நகலெடுத்து, அதன் ஒரு வரியை மட்டும் கேட்டுப் பார்த்தான். மறுமுறை ஓட்டியபோது அவ்வரி கோப்பிலும் இல்லை, நகலிலும் இல்லை. ஒருமுறை கேட்ட வரியை அவ்வாய் தின்றுவிடுகிறது என்பது புரிந்தது.

"நான்தான் கெடுத்தேன்ணா. பழசையாவது எடுத்து வச்சிருக்கணும்."

அண்ணன் அவன் முதுகைத் தட்டினான். "மூடி வைடா. அப்புறம் பார்க்கலாம்."

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஒரு பிற்பகலில் அண்ணன் தம்பியை வரவழைத்து, நோட்டில் எழுதிக் காட்டினான்: 'பாட்டைப் போடு.'

"போட்டா அதோட போச்சுண்ணா."

'தெரியும். இவளுக்கு ஒரு தடவை கேக்கணுமாம்.'

"கேக்காம பூட்டி வச்சு யாருக்கு?" என்றாள் அண்ணி. "போடுங்க தம்பி. நான் குமட்டிக்கிட்டே கேட்டுக்கிறேன்."

ஸ்பீக்கர்களை மேசைமேல் வைத்துத் தம்பி எஞ்சியவற்றை ஓடவிட்டான். ஒவ்வொரு வரியாகக் குரல் வந்தது. ஒவ்வொரு வரியின் பின்னும் ஈறுகள் சப்பின. ஸ்பீக்கரின் முகத்துணி நனைந்து, கொழகொழத்த நீர் மேசையில் சொட்டியது. அண்ணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். மற்றொரு கையால் அண்ணனின் விரல்களைப் பற்றியிருந்தாள். கழுத்தில் கட்டுடன் அமர்ந்திருந்த அண்ணன், கண்களை மூடித் தொடையில் தாளமிட்டான். ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை.

ஆறாம் பாட்டின் கடைசி வரியும் விழுங்கப்பட்டது.

அமைதி.

பிறகு ஸ்பீக்கரிலிருந்து ஓர் ஏப்பம் எழுந்தது. நீண்ட, நிறைவான, ஈரமான ஏப்பம்.

அது அண்ணனின் குரலில் இருந்தது.

அண்ணன் கண்களைத் திறந்து தன் கழுத்துக் கட்டைத் தொட்டான். தம்பி பாய்ந்து சென்று ஸ்பீக்கர்களின் மின்கம்பியைப் பிடுங்கினான். அவற்றின் சிறுவிளக்குகள் அணைந்தன. அறையில் அந்த வாடை மட்டும் கனத்தது.

அண்ணி கணவனின் பக்கம் திரும்பி, கண்ணீருக்கிடையே புன்னகைத்தாள்.

"நல்லா..." என்றாள்.

அதன்பின் அவள் உதடுகள் மட்டுமே அசைந்தன.

சப்.

பிடுங்கிய கம்பி தம்பியின் கையில்தான் இருந்தது.