வெட்டி ஒட்டிய செல்

அந்தத் தட்டில் இருந்த செல்கள் செத்திருக்க வேண்டும். இருபது நாளாக யாரும் தொடவில்லை. ஆனால் தென்றல் ஆய்வகத்தின் சூடுபெட்டியைத் திறந்து வெளியே எடுத்தபோது, மஞ்சளாகிப் புளித்திருக்க வேண்டிய ஊட்டத் திரவம் அன்று காலை மாற்றியதுபோல் இளஞ்சிவப்பாக இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் வாயிலிருந்து வருவதுபோல் வெதுவெதுப்பான ஒரு வாசனை வந்தது.

பௌர்ணமிச் சனிக்கிழமை. கிரிவலக் கூட்டத்துக்காகப் பேருந்துகளைத் திருப்பிவிட்டிருந்ததால் கல்லூரியில் ஆளில்லை. அவளும், அவளோடு சேர்ந்து அந்த ஆராய்ச்சியைச் செய்த இனியனும் மட்டும்தான்.

செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு புரதத்தை அனுப்புவதுதான் அவர்கள் திட்டம். புரதத்தின் நுனியில் முகவரிபோல் ஒரு சிறு துண்டைக் கோத்து, போய்ச் சேர்ந்ததா என்று தெரிய அதைப் பச்சையாக ஒளிரவும் வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் முயன்றும் அது போய்ச் சேரவே இல்லை. பச்சை நிறம் செல் முழுக்கப் பரவிக் கலங்கிக் கிடந்தது. ஒரே ஒரு செல்லில் மட்டும், போய்ச் சேர்ந்திருந்தால் தெரிய வேண்டியதுபோல், ஏதோ இழை இழையாகத் தெரிந்தது. போட்டிக்கு அனுப்ப வேண்டிய நாளன்று தென்றல் அந்த ஒரு செல்லை மடிக்கணினியில் வெட்டி, படம் முழுக்க ஒட்டினாள். இனியனிடம்கூடச் சொல்லவில்லை. சென்னையில் பரிசு கொடுத்தார்கள். செய்தித்தாளில் அவள் முகம் வந்தது. அன்றிலிருந்து அவளால் இனியனின் கண்ணைப் பார்த்துப் பேச முடியவில்லை.

இருட்டறைக்குள் போய்த் தட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பச்சை இழைகள் துல்லியமாக ஒளிர்ந்தன. ஒரு செல்லின் ஓரத்தில் கொக்கிபோல் வளைந்த இழை. பக்கத்துச் செல்லிலும் அதே கொக்கி. தட்டை நகர்த்தினாள். அதே கொக்கி. இன்னும் நகர்த்தினாள்.

எல்லாம் அவள் ஒட்டிய செல்.

கதவு தட்டப்பட்டது. "தென்றல், அடி அண்ணாமலையிலேர்ந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. உன்னத்தான் கேக்குறாங்க" என்றான் இனியன்.

வராந்தா பெஞ்சில் ஊதாப் புடவை கட்டிய ஒரு பெண், மடியில் பத்து வயது மகளோடு உட்கார்ந்திருந்தாள். சிறுமியின் இமைகள் பாதிக்கு மேல் திறக்கவில்லை. தென்றலைப் பார்க்க மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள்.

"நீங்கதானம்மா பேப்பர்ல வந்தது? என் பேரு சந்திரம்மாள். இவளுக்கு இந்த மைட்டோ நோய்தானாம். மருந்தே இல்லன்னுட்டாரு டாக்டர். நீங்க வழி கண்டுபிடிச்சுட்டீங்கன்னு போட்டிருந்தாங்க. பௌர்ணமி வியாபாரம்கூட வேணாம்னு கடைய சாத்திட்டு வந்துட்டேன்."

பொய் என்ற சொல் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் இனியன் பெருமையாகச் சிரித்தான். தென்றலின் காதெல்லாம் சுட்டது.

"இன்னும்... கொஞ்ச நாள் ஆகும்மா."

"எத்தினி நாள் ஆனாலும் சரி. இங்கயே குந்திக்கினு இருக்கோம்."

அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் இருட்டறைக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டாள். போட்டியில் ஒருமுறை, இப்போது நோயாளிக் குழந்தையின் முன்னால் நின்று இரண்டாவது முறையும் ஏமாற்றியாயிற்று. சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. சிறுமி இருமினாள், இரண்டு சின்ன இருமல், ஒரு நீண்ட மூச்சு. கொஞ்சம் தள்ளி மறுபடி கிறீச். இரண்டு இருமல், ஒரு மூச்சு. இன்னும் தள்ளி. அதே இருமல். படிக்கட்டுப் பக்கம். அதே மூச்சு.

யாரும் நடக்கும் சத்தம் இல்லை.

சொல்லிவிட வேண்டும். காலில் விழுந்தாவது. இப்போதே.

கதவைத் திறந்தாள்.

வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெஞ்சில், தரையில், படிகளில். அதே ஊதாப் புடவை. தோள்பட்டையில் அதே தையல் பிரிவு. ஒவ்வொரு மடியிலும் அந்தச் சிறுமி. இனியன் சொம்போடு குனிந்து, ஒவ்வொருத்திக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனான். அவன் முகத்தில் எந்த வித்தியாசமும் இல்லை.

"அம்மா, அது..." என்று தென்றல் ஆரம்பித்தாள்.

அத்தனை மோவாய்களும் ஒன்றாக உயர்ந்தன. பாதி மூடிய அத்தனை இமைகளுக்கும் அடியிலிருந்து கண்கள், நம்பிக்கையோடு, அவளைப் பார்த்தன.