ஏழு மணி மாத்திரை

எவர்சில்வர் டப்பா வைத்த இடத்தில் இல்லை.

பெரியவர் அதை அலமாரியின் மேல்தட்டில், மடித்த போர்வைகளுக்குப் பின்னால், தன் கையாலேயே தள்ளி வைத்துப் பூட்டியிருந்தார். நாற்பது நாட்களாக அது அங்கேதான் இருந்தது. இப்போது சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். சற்று முன்புதான் யாரோ ஊற்றி வைத்தது போல அதன் வெளிப்புறம் வியர்த்திருந்தது. சுவர்க் கடிகாரத்தில் மாலை ஆறே முக்கால்.

"இதை யாரு எடுத்தது?"

"எதை?" என்று கேட்டுக்கொண்டே மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க அலமாரியத் தொட எனக்கென்ன பைத்தியமா? சாவி உங்க இடுப்புல இருக்கு, கேள்வி எங்கிட்ட. நீங்களே எடுத்து வச்சுட்டு மறந்திருப்பீங்க."

அவர் மறக்கிற ஆள் இல்லை. நீதிமன்றப் பதிவறையில் முப்பத்தொரு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர். அவர் காலத்தில் ஒரு வழக்குக் கட்டுகூடக் காணாமல் போனதில்லை.

"பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று மனைவி பையை எடுத்துக்கொண்டாள். "பாப்பா தூங்குது. இருமினா முதுகத் தட்டிக் குடுங்க. நாக்கு வேற மாவு பூத்த மாதிரி வெள்ளையாவே கிடக்கு, தொடச்சாலும் போக மாட்டேங்குது. நாளைக்காவது ஒரு டாக்டர்கிட்ட காட்டலாம்ங்க. தாயில்லாப் புள்ள."

"பாக்கலாம்."

"பாக்கலாம் பாக்கலாம்னு ஒரு வாரமாப் பாத்துக்கிட்டே இருக்கீங்க."

கதவு சாத்தப்பட்டது. வீட்டில் அவரும், உள்ளறையில் பத்து மாதக் குழந்தையும்.

அவர் டப்பாவைக் கையில் எடுத்தார். குலுங்கியது. காலியாகத்தான் பூட்டி வைத்திருந்தார்.

மூடியைத் திறக்கவில்லை. திறக்காமலே வாசம் வந்தது. சுண்ணாம்புக் கட்டியைப் பொடித்தது போன்ற, பள்ளிக்கூடக் கரும்பலகைக்கு அடியில் நிற்கிற அந்த வறண்ட வாசம்.

டப்பாவை வாங்கி வந்தவரும் அவர்தான். மருமகளுக்குக் கர்ப்பத்தின்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி என்று வந்தபோது, வீட்டில் மூன்று பேருக்கு மட்டுமே அது தெரிந்தது. அவருக்கு, அவளுக்கு, கப்பல் வேலையிலிருந்து விடுப்பில் வந்திருந்த மகனுக்கு. மகன் அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே, "எங்கிட்டேருந்துதான்பா" என்று சொல்லிவிட்டு, தன் மாத்திரைகளோடு அடுத்த வாரமே கப்பலேறிவிட்டான். அவள் அழவில்லை. நர்சம்மா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். தினம் ஒரு மாத்திரை, ஒரே நேரத்தில், ஆயுசு முழுக்க. நேரம் தவறாமல் சாப்பிட்டால் அவளும் நன்றாயிருப்பாள், குழந்தைக்கும் தாய்ப்பால் கொடுக்கலாம்.

"நீ ஆஸ்பத்திரி வரிசையில போய் நிக்க வேண்டாம்மா, நாலு பேர் பாப்பாங்க" என்று அவர்தான் சொன்னார். மாதாமாதம் அவரே போய் வாங்கி வந்தார். குப்பியின் மேலிருந்த காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, மாத்திரைகளை இந்தப் பெயரில்லாத டப்பாவில் கொட்டினார். மனைவியிடம் தைராய்டு மாத்திரை என்றார். மாலை ஏழு மணிக்கு மருமகளின் கைபேசி மணியடிக்கும். அவள் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்துவாள். அவர் ஒரு மாத்திரையை வைப்பார். அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகே நகர்வார். பொறுப்பு என்று எடுத்துக்கொண்டால் கடைசிவரை செய்வதுதான் அவர் வழக்கம்.

ஆறாவது வாரத்தில் குழந்தைக்குப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது.

குழந்தையின் நான்காவது மாதம் ஆஸ்பத்திரி வரிசையில் அவருக்கு முன்னால் ஆறு பேர் தள்ளி, தன் மகளைக் கொடுக்கப் பேசி முடித்திருந்த இடத்துச் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். பெரியவர் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தார். கல்யாணம் முடியட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஒரு மாதம்தானே. ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டதற்கு, மருமகள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள், மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்கிறாள் என்றார். போகிற வழியில் ஒரு மருந்துக்கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினார். அதே வெள்ளை. அதே நீளம்.

"மாமா, இந்தத் தடவ மாத்திரை சாக்பீஸ் மாதிரி இருக்கே?"

"கம்பெனிய மாத்திட்டாங்கம்மா."

"நீங்க குடுத்தா சரி மாமா."

ஒரு மாதம் ஐந்து மாதமானது. கல்யாணத்தில் எந்தக் குறையுமில்லை. அப்படியொரு குடும்பமா என்று ஊரே பேசியது. அவள் பந்தியில் இருமிக்கொண்டே பரிமாறினாள். எட்டு வாரம் கழித்து வேறொரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது மருத்துவர், "வேற ஏதாவது நோய் இருக்கா, மருந்து ஏதாவது சாப்பிடறாங்களா?" என்று கேட்டார். பெரியவர், "எதுவுமில்லை" என்றார். அவள் வாயில் குழாய் இருந்தது. கண்கள் மட்டும் திறந்திருந்தன.

அழைப்பு மணி அடித்தது.

டப்பாவை ஒரு கையால் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். கதவைத் திறந்தார். நர்சம்மா. சீருடை இல்லை, சாதாரணத் துணிப்பை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க சார். அவங்க பொறந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு மாத்தினதா சொன்னீங்க. அந்த ஆஸ்பத்திரியில கேட்டா, அப்படி யாருமே வரலைங்கறாங்க. உங்க மருமக எங்க?"

"இல்லை."

"எப்ப வருவாங்க?"

"இல்லைன்னா இல்லைம்மா. நாப்பது நாளாச்சு. நிமோனியா."

அவள் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "மாத்திரை ஒழுங்கா..."

"ஒரு நாள் தவறலை. என் கையால குடுத்தேன்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாயெல்லாம் சுண்ணாம்பு.

"குழந்தை? பால் குடுத்துட்டிருந்தாங்களே. உடனே ரத்தம் பாக்கணும் சார். இருந்தாலும் பயமில்ல, இப்பவே மருந்து ஆரம்பிச்சா நல்லா வளந்துடும். தள்ளிப் போட்டாத்தான் ஆபத்து. நாளைக்குக் காலையில கொண்டு வாங்க. இல்ல, நானே வந்து தூக்கிட்டுப் போறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அவங்க என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?"

உள்ளறையில் குழந்தை இருமியது.

சொல்லிவிடலாம். நான்கு வார்த்தைதான். அவர் வாயைத் திறந்தார். எதிர்வீட்டு வாசலில் நாற்காலி கிறீச்சிட்டது. ஓய்வுபெற்ற வாத்தியார் செய்தித்தாளைத் தாழ்த்திக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்ஷூரன்ஸ் எல்லாம் வேண்டாம்மா!" என்றார் பெரியவர் உரக்க. "எங்க வீட்ல எல்லாரும் நல்லாருக்கோம். போயிட்டு வாங்க."

"அட, இந்தப் பக்கம் அனுப்பி வைக்கலாம்ல சார்" என்று வாத்தியார் சிரித்தார். "நமக்கெல்லாம் பாலிசி விக்க நாதியில்ல!"

நர்சம்மா அசையவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக, கூடத்துக்குள் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"என்ன சார் இப்படிச் சொல்லிட்டீங்க, பயந்தே போயிட்டேன்" என்றாள். "அதோ, அவங்களே குழந்தையத் தூக்கிட்டுப் போறாங்களே."

அவர் கதவை அறைந்து சாத்தினார்.

தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள். முதுகைக் கதவில் அழுத்தி நின்றார். வெளியே செருப்புச் சத்தம் தயங்கியது, இரண்டு முறை கதவு தட்டப்பட்டது, பிறகு படியிறங்கிப் போனது. திரும்பிப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை. ஏனோ அப்போது அந்த வரிசை நினைவுக்கு வந்தது, சம்பந்தியின் முதுகு, பின்னால் கட்டியிருந்த கைகள், அந்தக் கைகளில் எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துப் பிடித்திருந்த, அந்த மாத்திரை வாங்கும் பச்சைச் சீட்டு. அதே பச்சை. அவருடைய சட்டைப்பையில் இருந்த அதே சீட்டு.

யாரிடமிருந்து மறைத்தோம்?

கூடம் காலியாக இருந்தது. மேசையில் தம்ளர். தண்ணீர் பாதிதான் இருந்தது.

உள்ளறையில் சத்தம். மெல்லிய, ஈரமான, நிதானமான சத்தம். குழந்தை பால் குடிக்கும் சத்தம். புட்டி சமையலறையில் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கண்ணெதிரே கவிழ்ந்திருந்தது.

சத்தம் நின்றது.

மேசை இழுப்பறைக்குள் மருமகளின் கைபேசி அடித்தது. சார்ஜ் போய் நாற்பது நாளான கைபேசி. அதே மெட்டு. ஏழு மணி.

அவர் நடந்தார். கால்கள் தாமாக நடந்தன. தினமும் நடந்த பழக்கம். கதவு ஒருக்களித்திருந்தது. தள்ளினார்.

குழந்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தது. தானாக உட்காரத் தெம்பில்லாத குழந்தை. நிமிர்ந்து, அழாமல், அவரையே பார்த்தது. திறந்த வாய்க்குள் நாக்கு வெள்ளை வெளேரென்றிருந்தது. இரண்டு குட்டிக் கைகளும் சேர்ந்து ஏந்தியிருந்தன. அவள் ஏந்துவது போலவே.

அந்தக் கைகளுக்கு அடியில், அவை சரிந்துவிடாமல் தாங்கிப் பிடித்தபடி, இன்னும் இரண்டு கைகள். சாம்பல் நிறம். ஈரம். நகக்கண்களில் வெள்ளைப் பொடி. முழங்கைக்கு மேல் இருட்டு.

காத்திருந்தன.

அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். டப்பா திறந்திருந்தது. அவர் விரல்களுக்கிடையில் ஏற்கெனவே ஒரு வெள்ளை மாத்திரை இருந்தது.