மாப்பிள்ளைக் காரின் போல்ட்டுகள்

நாளைக்கு றிப்தாவின் வாப்பாவுடைய தம்பி ஹில்மி சாச்சாவுக்குக் கல்யாணம். தெல்தோட்டையில் இருக்கும் பெண் வீட்டுக்கு வாப்பாவின் பழைய பச்சைக் காரில்தான் போவேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் காரோ கண்டி வீட்டு முற்றத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

வாப்பா என்ஜினைக் கழற்றிப் புதுப்பித்திருந்தார். அதன் கனத்த மேல்மூடிக்கு போல்ட் முடுக்குவதுதான் பாக்கி. மூடிக்கு அடியில் வைக்கும் மெல்லிய தகடு ஒன்றே ஒன்றுதான் கிடைத்திருந்தது. அது கோணலாக நசுங்கினால் தண்ணீர் கசியும். கார் மலை ஏறாது.

வாப்பா எண்ணெய் வாங்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போன நேரம் பார்த்து, சாச்சா ஸ்பெனரைத் தூக்கினார்.

"வாப்பா வந்து செய்வாங்க தானே?" என்றாள் றிப்தா.

"மாப்பிள்ளைக்குத்தான் அவசரம் புள்ள. நீ டோர்ச்சப் பிடி."

ஓரத்து போல்ட்டை மூச்சைப் பிடித்து முடுக்கினார். பிறகு அதற்குப் பக்கத்து போல்ட்டை.

றிப்தாவுக்குச் சும்மா நிற்க வராது. கையிலிருந்த டொபி மிட்டாயின் தாளை மூடிக்கு அடியில் மறு ஓரத்தில் நுழைத்துப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"சாச்சா, அங்க இறுக்கினா இங்க திறக்குது."

சாச்சா குனிந்து பார்த்தார். முகம் சுருங்கியது. "அப்ப மாப்பிள்ளை த்ரீவீல்லதான் போகணும்."

றிப்தா யோசித்தபடி உள்ளே போனாள். விருந்தாளிகள் ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே சஹன் தட்டில் சாப்பிட, உம்மா தரையில் விரிப்புப் போட்டுக்கொண்டிருந்தார். உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினார்.

"ஏன் உம்மா நடுவுல இருந்து?"

"ஓரத்துல தொடங்கினா சுருக்கமெல்லாம் நடுவுல வந்து நிக்கும். சஹன் ஆடும், சோத்துல ஊத்தின ஆணம் சிந்தும்."

றிப்தா ஒரே ஓட்டமாக முற்றத்துக்கு வந்தாள்.

"கழட்டுங்க சாச்சா. நடுவுல தொடங்குவோம். அந்தப் பக்கம் ஒண்டு, இந்தப் பக்கம் ஒண்டு. கொஞ்சம் கொஞ்சமா."

"யாரு சொன்ன?"

"உம்மாட விரிப்பு."

மூடியைத் தூக்கிப் பார்த்தார்கள். நல்ல வேளை, தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுபடி வைத்து, நடுவிலிருந்து முடுக்கினார்கள். இப்போது டொபித் தாள் எந்தப் பக்கமும் நுழையவில்லை.

திரும்பி வந்த வாப்பா, தம்பியின் கையில் ஸ்பெனரைக் கண்டு முறைத்தார். "எங்கயிருந்து தொடங்கின?"

"நடுவுல இருந்து நானா. இஞ்சினியரம்மா சொன்னாங்க."

வாப்பா றிப்தாவைப் பார்த்தார். பிறகு இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பெனரை எடுத்து, அதே வரிசையில் கடைசிச் சுற்று முடுக்கினார்.

மறுநாள் பச்சைக் கார் முனகாமல் மலை ஏறியது. தெல்தோட்டையில் எல்லாரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். றிப்தா மட்டும் புதுச் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு காருக்கு அடியில் பார்த்தாள்.

தரை காய்ந்து கிடந்தது. அவள் நிம்மதியாக ஒரு டொபியைப் பிரித்தாள்.