இரண்டாவது அட்டை

முதல் ஊரின் ரொட்டிக் கடைக்காரி இரண்டு அட்டைகளிலும் ஒரே முத்திரையைத்தான் குத்தினாள். ஒரே மைத்தட்டு, ஒரே கை, ஒரே அழுத்தம். கொலெத்தின் அட்டையில் ஊர்ப்பெயர் பாதி விழுந்து பாதி விழாமல், வழக்கம்போல அழுக்குத் தேய்த்தாற்போல வந்தது. அவள் கணவன் ஃபெர்னானின் அட்டையிலோ ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிய, ஈரம் பளபளக்கப் பதிந்திருந்தது. கால்மணி நேரம் கழித்து ஊர் எல்லையில் சைக்கிளை நிறுத்தி அந்த முத்திரையைத் தொட்டுப் பார்த்தாள். மை காயவில்லை. விரலில் ஒட்டிக்கொண்டது. லேசாகச் சூடாகவும் இருந்தது.

"இதுலகூட அவனுக்குத்தான் நல்லது," என்று முணுமுணுத்துவிட்டு, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு பெடலை மிதித்தாள்.

காலையிலிருந்தே அவளுக்கு எரிச்சல்தான். பிரனீஸ் மலையடிவாரத்தில் ஐந்து ஊர்கள், ஒவ்வோர் ஊரிலும் ஏதாவது ஒரு கடையில் ஒரு முத்திரை, எல்லாம் அக்டோபர் முடிவதற்குள் முடிய வேண்டும். இன்று முப்பத்தொன்று. ஃபெர்னான் இருபத்திரண்டு வருஷமாக நாடெங்கும் சைக்கிளில் சுற்றிச் சேர்த்த அட்டைகளில் கடைசி அட்டை இது. நேற்று இரவு முட்டி பலாப்பழமாக வீங்கிவிட்டது. பள்ளத்தாக்கில் பூஜோல் அம்மாளின் விடுதியில் கட்டிலோடு கிடந்துகொண்டு, சின்னப் பையன்போல அடம்பிடித்தான்.

"என் அட்டையையும் எடுத்துட்டுப் போ. யாரு கேக்கப் போறா? பின்னாடி வர்றாருன்னு சொல்லு, குத்திக் குடுத்துடுவாங்க."

"அட்டைக்காரர் நேர்ல வரணும்னு அட்டையிலயே போட்டிருக்கு."

"நம்ம சைக்கிள் கழகத்துல எவன் நேர்ல போறான்? போன வருஷம் தலைவரோட பொண்டாட்டி மூணு பேருக்குக் குத்திட்டு வந்தா. போ கொலெத், கெஞ்ச வைக்காதே."

கெஞ்சவில்லை, கட்டளைதான் இட்டான். முப்பத்தாறு வருஷமாக அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வீம்பு பிடித்தவனோடு குடும்பம் நடத்தியாகிவிட்டது, இந்த ஒரு நாளையும் தொலைத்துவிடுவோம் என்று அவள் கிளம்பினாள். எதிர்காற்று. திங்கட்கிழமை என்பதால் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன. முதல் ஏற்றத்திலேயே சங்கிலி இரண்டு முறை கழன்று கையெல்லாம் கறுப்பானது.

இரண்டாவது ஊரில் காபிக் கடை மட்டும் திறந்திருந்தது. கொலெத் ஒரு காபி கேட்டாள். கடைக்காரர் இரண்டு கோப்பைகளை வைத்தார்.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"அவருக்கு வேண்டாமா மதாம்? இவ்வளவு தூரம் மிதிச்சு வந்த மனுஷனுக்குச் சுடுதண்ணிகூட குடுக்க மாட்டீங்களா? பாவம்."

"அவர் பின்னாடிதான் வர்றார். நேரமாகும்."

"அதான் வந்துட்டாரே. வாசல் மரத்தடியில நிக்கிறார் பாருங்க. கிளை மறைக்குது, கால் மட்டும்தான் தெரியுது." கடைக்காரர் கண்ணடித்தார். "நல்ல காலு. எனக்கு இந்த வயசுல வெறும் குச்சிதான்."

முத்திரை டக், டக் என்று இரண்டு அட்டைகளிலும் விழுந்தது. அவள் அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மரத்தடியில் யாருமில்லை. குளிர்காலத்துக்காக நகராட்சி ஆட்கள் அந்த மரத்தின் கிளைகளை வெட்டிவிட்டிருந்தார்கள். மொட்டை முண்டுகள்தான் நின்றன. மறைக்க ஒரு கிளைகூட இல்லை. அந்த இடத்தில் கற்பூரத் தைல வாசனை மட்டும் இருந்தது. ஃபெர்னான் முட்டியில் தேய்த்துக்கொள்ளும் தைலம் அது.

என் சட்டையிலேயே ஒட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அவனைக் கூப்பிட்டாள்.

"வலி போயிடுச்சு கொலெத்!" அவன் குரலில் ஒரே குதூகலம். "மாத்திரை என்னமா வேலை செய்யுது தெரியுமா? இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. ஜில்லுனு இருக்கு. எத்தனை ஆச்சு?"

"ரெண்டு. ஒண்ணுமே தெரியலைன்னா டாக்டரைக் கூப்பிடு."

"டாக்டரா? வலிச்சாலும் திட்டுற, வலிக்கலைன்னாலும் திட்டுற. ஏழு மணிக்குக் கடைசிக் கடையைச் சாத்திடுவாங்க. மிதி, மிதி."

மூன்றாவது ஊருக்குப் போகும் பாதை பாறையைக் குடைந்து, ஓடையை ஒட்டிப் போனது. நனைந்த செஸ்ட்நட் இலைகளும் ஆட்டுப் புழுக்கையும் கலந்த வாடை கீழிருந்து ஏறி வர, மேலே மலைமுகட்டில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருக்க, அவள் மூச்சும் ஓடையின் இரைச்சலும் தவிர வேறொன்றும் கேட்காத அந்த இடத்தில்தான் முதன்முறையாகப் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. க்ரீக். சற்று இடைவெளி. க்ரீக். ஃபெர்னானின் சைக்கிளில் வலது பெடல் கீழே போகும்போதெல்லாம் வரும் சத்தம். எண்ணெய் விடு எண்ணெய் விடு என்று அவள் இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் ஃபெர்னான் விடாத எண்ணெய். அந்த சைக்கிள் விடுதிக் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. சாவி அவள் பையில்.

நின்றாள். சத்தமும் நின்றது.

மூன்றாவது ஊரில் மருந்துக் கடைப் பெண் ஒன்றும் கேட்காமல் இரண்டையும் குத்தினாள். கதவு வரை வந்து, "கதவைச் சாத்தாதீங்க மதாம், உங்க வீட்டுக்காரர் உள்ள வரட்டும்," என்றாள். கொலெத் திரும்பிப் பார்க்காமல் சைக்கிளில் ஏறினாள். கோபம் போன இடம் தெரியவில்லை. பயமாக இருந்தது.

செல்போன் அடித்தது.

"கொலெத், கையைத் தூக்க முடியல. பூஜோல் அம்மாதான் நம்பரைப் போட்டுப் போனைத் தலைகாணியில வெச்சுட்டுப் போனாங்க."

"நான் திரும்பி வரேன். ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொல்லு."

"திரும்புறதா? இன்னும் ரெண்டுதான்! இருபத்திரண்டு வருஷம் கொலெத். தூங்கி எழுந்தா கை சரியாயிடும். இதுகூட எனக்காக உன்னால செய்ய முடியாதா?"

அவள் போனை அணைத்தாள். திரும்ப வேண்டுமானால் வந்த வழியேதான் இறங்க வேண்டும். அந்த வழியில் அது நிற்கிறது. மேலே போனால் ஊர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், ஒரு கார் கிடைக்கும். அதனால்தான் ஏறினாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

நான்காவது ஊரில் கார் கிடைக்கவில்லை. பாலாடைக் கட்டி விற்கும் தாத்தா ஒருவர் மட்டும் கடையை மூடிக்கொண்டிருந்தார். "காரா? மகன் சந்தைக்கு எடுத்துட்டுப் போயிட்டான். முத்திரை வேணும்னா இருக்கு," என்று அவள் கழுத்து உறையைச் சுட்டினார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபெர்னானின் குரல் இன்னும் காதில் இருந்தது. இதுகூட உன்னால முடியாதா. முப்பத்தாறு வருஷ ஆத்திரமும் ஒன்றாகத் திரண்டு வந்தது. இரண்டு அட்டைகளையும் உருவி மேஜையில் அறைந்தாள்.

"குத்துங்க. ரெண்டுலயும் குத்துங்க. அவன் ஆசை தீரட்டும்."

ஃபெர்னானின் அட்டையில் மை விழுந்தபோது அட்டை அவள் கைக்குள் துடித்தது. மணிக்கட்டில் நாடி துடிப்பதுபோல, ஒரே ஒரு தரம்.

அதன்பிறகு அவள் நிற்கவே இல்லை. வெளிச்சம் மங்கியது. பனி சாலையில் இறங்கியது. கீழே இருந்த வளைவில், மஞ்சள் மழைச்சட்டை ஒன்று தெரிந்து மறைந்தது. போன பிறந்தநாளுக்கு அவளே வாங்கிக் கொடுத்த சட்டை. க்ரீக். அடுத்த வளைவு. இன்னும் கொஞ்சம் கிட்டே. க்ரீக். அது அவசரப்படவில்லை. ஃபெர்னான் ஏற்றத்தில் எப்படி மிதிப்பானோ அப்படியேதான் மிதித்தது.

செல்போன். இம்முறை பூஜோல் அம்மாள்.

"மதாம்? மதாம், நீங்க எங்க இருக்கீங்க? நான் சூப் எடுத்துட்டுப் போனேன். போர்வை... போர்வை தட்டையா கிடக்குது மதாம்."

"என்ன சொல்றீங்க? அவர் எங்க?"

"இங்கதான். தலைகாணியில. கழுத்து வரைக்கும்தான். அதுக்குக் கீழ ஒண்ணுமில்ல, கட்டிலு வெறும் கட்டிலா கிடக்குது." அந்த அம்மாள் அழுதாள். "ஆனா பேசுறாரு மதாம். சூப்பு எங்கன்னு கேக்குறாரு."

கொலெத் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. கால்கள் மிதித்துக்கொண்டிருந்தன. ஐந்தாவது ஊர் வந்தது. கற்சுவர், மணிக்கூண்டு, ஒரே ஒரு விளக்கு. ரொட்டிக் கடை. சைக்கிளை அப்படியே தரையில் போட்டாள். கதவைத் தள்ளி உள்ளே விழுந்தாள்.

"கார்... யாராவது... என் புருஷன்..."

"உக்காருங்க மதாம், உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க." கடைக்காரி பருத்த, அன்பான பெண். கொலெத்தை நாற்காலியில் சாய்த்தாள். கழுத்தில் தொங்கிய உறையைக் கழற்றினாள். "இதுக்காகவா இப்படி ஓடி வந்தீங்க? நல்ல ஆளுங்கப்பா நீங்கள்லாம். இன்னும் மூடல. அஞ்சு நிமிஷம் இருக்கு."

டக். கொலெத்தின் அட்டை.

"வேண்டாம்," என்றாள் கொலெத். சத்தம் வரவில்லை.

வெளியே, க்ரீக். நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் யாரோ சைக்கிளைச் சுவரில் சாத்தினார்கள். மஞ்சள் சட்டை. அவன் தோள்கள். அவனுடைய கைகள், மோதிரம் போட்ட விரல். வீக்கமே இல்லாத முட்டிகள். கழுத்துக்கு மேலே, துணி மூடிப் புளிக்க வைத்த மாவுபோல வெறும் வெண்மை. கண்ணில்லை. வாயில்லை. அது கண்ணாடியில் நெற்றியை வைத்துச் சாய்ந்தது. கண்ணாடியில் மூச்சு படியவில்லை.

"இதோ வந்துட்டாரே!" கடைக்காரி கைவேலையை விடாமல், திரும்பிப் பார்க்காமலே சிரித்தாள். இரண்டாவது அட்டையை எடுத்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள்.

குத்தினால் தலையும் இங்கே வந்து அவன் முழுசாகிவிடுவான். முழுசாகி எழுந்து வருவது ஃபெர்னான்தானா? குத்தாவிட்டால் தலை அங்கே. உடல் இங்கே. இப்படியே. என்றைக்கும்.

கையிலிருந்து மடியில் நழுவி, இன்னும் துண்டிக்கப்படாமல் கிடந்த செல்போனில் அவன் குரல், மெல்லிசாக, எரிச்சலாக:

"கொலெத்? அஞ்சாவது ஆச்சா இல்லையா? ஏன் பேசாம இருக்கே? இங்க ஒரே இருட்டா இருக்கு கொலெத். சீக்கிரம் குத்தச் சொல்லு."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அது கையை நீட்டிக் காத்திருந்தது. முகமில்லாத அந்த வெண்மையில், வாய் இருக்க வேண்டிய இடம், அவன் பேசப் பேச, அசைந்தது.

"உங்க வீட்டுக்காரருதானே மதாம்?" கடைக்காரி முத்திரையை அட்டைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். "குத்திடட்டுமா?"