ஏழாம் நம்பர் கரி

விஞ்ஞான உலகமே பெங்களூரைப் பார்த்துத் தலைவணங்கப்போகும் மகத்தான விநாடி!

முள் அசையவில்லை.

"கொலை!" என்று அலறினார் பேராசிரியர் சீனிவாசராகவன். "என் ஏழாம் நம்பரை யாரோ கொன்னுட்டான்!"

1937. ஒரு கல்லூரி லாபரட்டரி. முன்வரிசை முழுக்கச் சரிகைத் தலைப்பாகைகள். மேஜைமேல் பிரேதம்...

இரண்டங்குலக் கொட்டாங்கச்சிக் கரிக்குச்சி!

லேசாகச் சுட்டாலே மின்சாரம் கடத்தும் கரி. அதுதான் பேராசிரியரின் கண்டுபிடிப்பு. ஐந்து வாரமாக மீட்டரின் முள் துள்ளியது. இன்று பார்த்துப் படுத்துவிட்டது.

ஓரமாக நின்றான் உதவியாளன் ரெமிஜியஸ். கரியை இடித்து, தாரில் பிசைந்து, அச்சில் அழுத்தி, சுட்டு, இரு முனைக்கும் செம்பு மூடி மாட்டுவது அவன் வேலை.

காவலுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டர் தியோடர் மீசையை நீவினார். "அலமாரி சாவி யார்கிட்ட?"

"பியூன் நாணுகிட்ட!"

அடுத்த நொடி நாணுவின் காலர் இன்ஸ்பெக்டர் கையில்.

"நிஜத்தைச் சொல்லுடா! கரியை மாத்தினியா?"

"ஐயோ சாமி! கரி எதுக்கு எனக்கு? வீட்டுல மூட்டையா கிடக்கு!"

"இன்னியோட உனக்கு வேலை போச்சு!" என்று சீறினார் பேராசிரியர்.

நாணுவுக்கு நாலு பெண் குழந்தைகள். அவன் கையில் விலங்கு கிணுகிணுத்தது...

ஏசுவே! இதற்குமேல் ரெமிஜியஸால் தாங்க முடியவில்லை.

"ஸார்... அவன் இல்ல. நான்தான்!"

"நீயா? என்னய்யா பண்ணினே?"

"நேத்து ரப்பர் போட்டு அழிச்சேன்."

"எதை?"

"நம்பரை. பென்சில்ல எழுதித் தொலைச்சுட்டேன். பென்சில் கோட்டுல கரண்ட் ஓடும்னு நேத்துதான் உறைச்சுது ஸார். அஞ்சு வாரமா நீங்க அளந்தது கரியை இல்ல... என் கையெழுத்தை!"

தலைப்பாகைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"துரோகி!" என்றார் பேராசிரியர். குரலில் ஏனோ நிம்மதி.

தியோடர் தட்டிலிருந்த மற்றக் குச்சிகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கறுப்பின்மேல் சாம்பல் மினுக்காக எண்கள்.

"எல்லாம் நகத்தளவுதானே இருக்கு? நடுவுல எழுதினா, இந்த மூடிலேருந்து அந்த மூடிக்கு கரண்ட் எப்படிய்யா போகும்?"

ரெமிஜியஸ் விழித்தான். நேற்று அழித்த ஏழு நகத்தளவு இல்லையே... மேலும் கீழும் நீண்டு, மூடிக்கு மூடி தொட்டதே! அவசரத்தில் நாமே இழுத்துவிட்டோம் என்றல்லவா ராத்திரி முழுக்கத் தன்னைத் திட்டிக்கொண்டான்!

"யாரோ நீட்டியிருக்காங்க," என்றார் தியோடர்.

பேராசிரியருக்குத் திடீரென்று வியர்த்தது. கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை உருவினார்.

கூடவே ஏதோ விழுந்து உருண்டது.

ஓரங்குலப் பென்சில்!

விலங்கோடு குனிந்து எடுத்தான் நாணு.

"இது என்னுது சாமி. போன மாசம் ஒரு நிமிஷம்னு கேட்டு வாங்கினீங்க."

முழுப் பென்சிலாகத்தான் கொடுத்திருந்தான்.